வடக்கு எல்லையில் வைத்த பஞ்சு

மாடிப்படிக் கதவு சாத்திய சத்தம் பாதியில் நின்றுபோனது.

அது பாரமான இரும்புக் கதவு. தீப்பிடித்தால் இறங்கி ஓடுவதற்கென்று கட்டிய கொங்கிறீற் படிக்கட்டு ஆறு மாடிக்கும் ஒரே கிணறுபோல நேராக இறங்குகிறது; கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்போது எழும் சத்தம் கீழே போய் நிலக்கீழ்த் தரையைத் தொட்டு, மேலேறிக் கூரையில் முட்டி, களைத்துப்போய்த் திரும்பி வருவதற்குள் ஒருவன் ஒரு மாடி நடந்துவிடலாம். பதினொரு வருடமாகக் கீர்த்திகன் அதைக் கேட்கிறான். கேட்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கேட்கிறான். இன்று கதவு சாத்தியது, அரைச் சத்தம் வந்தது, அதோடு சரி. ஈரச் சாக்கை எறிந்து மூடியதுபோல.

அவன் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். ஒருமுறை கை தட்டிப் பார்த்தான். தட்டிய சத்தம் உள்ளங்கையை விட்டு வெளியே போகவில்லை.

குளிரில் காது அடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை. நேற்றிலிருந்து ஒஸ்லோவில் பனி கொட்டுகிறது. புதுப்பனி விழுந்தால் ஊரே அடங்கிவிடும். ட்ராம்கூடச் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போவதுபோலப் போகும். அதுதான் காரணம். கட்டடத்துக்குள் பனி பெய்வதில்லை என்பதை அவன் யோசிக்க விரும்பவில்லை.

அபிராமோடு கீழே போய், வாசலில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு ஏறி வந்திருந்தான். அலுவலகத்தில் இவனைத் தவிர எல்லோரும் நத்தார் விருந்துக்குப் புறப்பட்டாயிற்று. கடைசியாகப் போனவன் அபிராம்.

"கிறிஸ்துமஸ் பார்ட்டிக்கு நீங்க வரலையா கீர்த்தி? வருஷத்துக்கு ஒரு நாள்தான் இவனுங்க பல்லைக் காட்டிச் சிரிக்கிறாங்க. அதைப் பாக்காம இருந்தா எப்படி?"

அபிராம் கோயம்புத்தூர்க்காரன். வந்து இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் குளிருக்குப் பழகவில்லை, கீர்த்திகனுடைய தமிழுக்கும் பழகவில்லை.

"ஒரு கையெழுத்து கிடக்கு. நாலு மணிக்குள்ள அனுப்பவேணும்."

"கிடந்தா கிடக்கட்டும், திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

"திங்கள் ஏலாது. விசாரணைக் குழு கேட்டிருக்கு."

அபிராம் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினான். "லீசா விஷயமா?"

"ஓம்."

"பாவம்ங்க. எவ்வளவு கவனமான பொண்ணு. நான் எழுதின ஃபைல்ல ஒரு கமா விட்டாலும் வந்து காதைத் திருகுவா. அவ போய் இப்படி ஒரு தப்பு..." அவன் தலையை ஆட்டினான். "நம்பவே முடியல."

கீர்த்திகன் புகையை உள்ளே இழுத்து, மெதுவாக விட்டான்.

"எல்லாருக்கும் ஒருநாள் சறுக்கும்" என்றான்.

இப்போது அவன் நீண்ட கூடத்துக்குள் தனியாக நடந்து போனான். தெற்கில் தெருவைப் பார்த்த சன்னல்கள். அங்கேதான் அவனுடைய மேசை. வடக்கு முனையில் சன்னல் இல்லாத சுவர். அதையொட்டி லீசாவின் மேசை. இடையில் தூண்கள். எட்டு மாதமாக அந்த மேசையில் யாரும் உட்காரவில்லை. அட்டைப்பெட்டி ஒன்றில் அவளுடைய சாமான்களைப் போட்டு அதன்மேலேயே வைத்திருந்தார்கள். சுடுநீர்க் குழாய்களின் வாசமும் நேற்றைய கோப்பியின் வாசமும் இருந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதை இன்னதென்று அவனால் சொல்ல முடியவில்லை. நனைந்த கயிறுபோல.

அவர்களுடைய தொழில், கணினிக்குள் கடலைச் செய்வது. ஒரு மலைச்சரிவு கடலுக்குள் விழுந்தால் எவ்வளவு உயரத்துக்கு அலை எழும், எத்தனை நிமிடத்தில் எந்தக் கரையைத் தொடும் என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வார்கள். முழுக் கடலையும் கணினிக்குள் அடைக்க முடியாது. எங்கோ ஓரிடத்தில் வெட்ட வேண்டும். வெட்டிய விளிம்பில்தான் தொல்லை. அங்கே வரும் அலை மேற்கொண்டு போக வழியில்லாமல், சுவரில் பட்டதுபோலத் திரும்பிவிடும். உண்மையில் இல்லாத அலைகள் கணக்கைக் குழப்பிவிடும். அதனால் விளிம்போரம் ஒரு பட்டை வைப்பார்கள். அதற்குள் நுழையும் அலை அடிக்கு அடி சத்திழந்து, விளிம்பைத் தொடுமுன் செத்துவிடும். திரும்பாது. உறிஞ்சும் எல்லை என்பது அதன் பெயர். அலுவலகத் தமிழர்களுக்கு அது பஞ்சு.

பஞ்சைத் திறந்த கடற்பக்கம் வைக்கலாம். கல் நிற்கும் பக்கம் வைக்கக்கூடாது. இது முதல் வருட மாணவனுக்கும் தெரியும்.

கீர்த்திகன் வைத்தான்.

மேற்கே ஒரு ஃபியோர்ட், மலைகளுக்கிடையே ஒடுங்கி நுழைந்த கடல். அதன் ஓரத்தில், இன்றோ நாளையோ என்று தொங்கிக்கொண்டிருந்த ஒரு பாறைச்சரிவு. வெடிவைத்து அதைக் கடலுக்குள் இறக்கப் போகிறார்கள். அலை எப்படி வரும் என்று சொல்லுங்கள் என்றார்கள். கீர்த்திகன் பழைய வேலையொன்றின் கோப்பைப் பிரதி எடுத்தான். அந்தப் பழைய இடத்தில் வடக்குப் பக்கம் திறந்த கடல்; பஞ்சு சரி. இங்கே வடக்கில் ஒரு வளைவு, வளைவு தாண்டினால் செங்குத்தாகப் பாறை. வளைவையும் சேர்த்தால் கணக்கு இரண்டு நாள் ஓடும். வளைவுக்கு முன்னாலேயே வெட்டினால் ஐந்து மணித்தியாலம். அந்தத் திங்கட்கிழமையே அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது.

கண்டுபிடித்தவள் லீசா. ஒஸ்லோவின் ஓரத்து ஹொல்ம்லியாவில் பிறந்து வளர்ந்த பெண், இருபத்தொன்பது வயது. கதிரையை உருட்டிக்கொண்டு அவனுடைய மேசைக்கே வந்தாள்.

"கீர்த்தி அண்ணா, வடக்கில கல்லெல்லோ நிக்குது. நீங்கள் அதுக்குப் போய்ப் பஞ்சு கட்டியிருக்கிறீங்கள்."

"வளைவு தாண்டி ஆர் போகப்போறது? விடு."

"அலை போகும்."

"போனாப் போகட்டும்."

"போனது திரும்பி வருமண்ணா. கல்லென்ன, வந்த சனத்தைச் சோறு குடுத்து மறிச்சு வைச்சிருக்கிற மாமி வீடோ?"

அவனும் சிரித்தான். "நீ முதல்ல உன்ர கலாநிதிப் பட்டத்தை முடி. பிறகு வந்து எனக்குப் படிப்பி."

அன்று பின்னேரம் அவள் நாலு வரியில் ஒரு மின்னஞ்சலும் அனுப்பினாள். அவன் பதில் போடவில்லை. வெடிவைத்துப் பதினொரு நிமிடத்துக்குப் பிறகு இறங்குதுறை பாதுகாப்பானது என்று அறிக்கை போயிற்று.

ஏப்ரல் மாதம் வெடிவைத்தார்கள். அலை வந்தது, போனது, கணக்கில் சொன்ன உயரம்தான். மேட்டில் நின்றவர்கள் கை தட்டினார்கள். பதினொரு நிமிடமும் கழிந்தபிறகு, அளவுக்கருவியைக் கழற்றி வர லீசா இறங்குதுறைக்குப் போனாள். இனிப் பயமில்லை, இறங்கிப் போ என்று அவளை அனுப்பியவன் கீர்த்திகன். மறுத்துக் கேட்டவள்தான் அவள், ஆனால் அத்தனை பேர் முன்னால் வேலைத்தலைவனை மறித்துக் கதைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. வளைவுக்கு அப்பால் கல்லில் பட்டுத் திரும்பிய அலை, குறுகலில் நெருக்குண்டு, முதல் அலையைவிட உயரமாக வந்தது. அதற்கு முன் துறைக்கடியில் இருந்த தண்ணீரெல்லாம் சத்தமில்லாமல் பின்வாங்கியது.

லீசாவின் செத்தவீடு முடிந்த வாரம் கீர்த்திகன் அந்தக் கோப்பின் வரலாற்றைத் திறந்தான். எல்லையை அமைத்தவர் என்ற இடத்தில் இருந்த தன்னுடைய பெயரை எடுத்துவிட்டு அவளுடையதைப் போட்டான். நாலு வரி மின்னஞ்சலைத் தன்னுடைய கணக்கிலும் அவளுடைய கணக்கிலும் அழித்தான். அழித்த பிறகு நன்றாகச் சாப்பிட்டான். அதுதான் அவனுக்கே வியப்பு.

இப்போது விசாரணைக் குழு ஒரு பக்கத் தாள் அனுப்பியிருந்தது. வடக்கு எல்லையை அமைத்தவர் லீசா என்பதை உறுதிப்படுத்தவும். இன்று நாலு மணிக்குள். கைத்தொலைபேசியில் பாங்க்-ஐடி என்ற வங்கி அடையாளத்தால் கையெழுத்திட்டால் முடிந்தது. அவள் பெயரில் அது நிலைத்துவிடும். இவன் திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்கு வரலாம்.

அவன் திரையின் முன் உட்கார்ந்தான். குழுவின் இன்னொரு வேண்டுகோளும் ஓடிக்கொண்டிருந்தது: முழு ஃபியோர்டையும், வளைவையும், பாறையையும் சேர்த்த புதுக் கணக்கு. இரண்டு நாளாக ஓடுகிறது. அவன் பார்த்துக்கொண்டிருக்க, நீலத்தட்டில் அலை வளைவைத் தாண்டியது. பாறையை அடைந்தது. அடைந்து, இல்லாமல் போயிற்று.

அவன் முன்னால் குனிந்தான். திரும்பவில்லை. கடல் தட்டையாகக் கிடந்தது. எல்லைக் கோப்பைத் திறந்து பார்த்தான். வடக்கு: கல். பஞ்சு எங்குமே இல்லை. ஆனாலும் அலை திரும்பவில்லை.

முதலில் வந்தது மகிழ்ச்சி. கல்லே விழுங்கிவிட்டதென்றால் பிழை யாருடையதும் இல்லை. பிறகுதான் முதுகில் குளிர்ந்தது. கல் விழுங்காது. அவள் செத்ததே அதற்குச் சாட்சி.

"அண்ணை."

அவன் துள்ளி எழுந்தான். மின்தூக்கியின் மணி கேட்கவில்லை, கதவு கேட்கவில்லை, காலடி கேட்கவில்லை. மூன்றாவது தூணருகில் கிளின்ரன் நின்றான். லீசாவின் கணவன். தோளில் பனி உருகாமல் இருந்தது. காது கேட்பதைச் சோதிக்கும் கிளினிக்கில் வேலை செய்பவன். முப்பத்திரண்டு வயது, எட்டு மாதத்தில் முகம் துடைத்து வைத்த தட்டுப்போல ஆகியிருந்தது.

"கிளின்ரன்... வாரும். இரும். தேத்தண்ணி..."

"வேண்டாம். பெட்டியை எடுக்க வந்தனான்."

"சொல்லியிருந்தா நானே கொண்டந்து தந்திருப்பன்."

"தெரியும்."

அவன் வடக்கு முனைக்குப் போனான். பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தான், மூடினான், தூக்கிக்கொண்டு வந்தான். கீர்த்திகனுடைய மேசைக்கு முன்னால் நின்றான். திரையைப் பார்க்கவில்லை.

"அண்ணை, அந்தப் பஞ்சை வைச்சது ஆர்?"

அவன் அந்தச் சொல்லைச் சொன்னது கீர்த்திகனுக்குச் சுருக்கென்றது. லீசா வீட்டில் கதைத்திருக்கிறாள்.

"எல்லாம் பதிவில இருக்கு, கிளின்ரன். குழு பாக்குது."

"பதிவைக் கேக்கேல்லை. உங்களைக் கேக்கிறன்."

"இதெல்லாம் சிக்கலான வேலை. எல்லாரும் சேர்ந்து..."

"ஆர் வைச்சது?"

"உம்மட மனம் எனக்கு விளங்குது. ஆனா உண்மையெண்டு ஒண்டு இருக்கல்லே." கீர்த்திகனுடைய குரல் அவனுக்கே இரக்கமுள்ளதாகக் கேட்டது. "அவதான் வைச்சவ. பிழையெண்டு சொல்லேல்லை, அவசரம். என்னிலயும் குற்றம் இருக்கு, நான் ஒருக்காப் பாத்திருக்கவேணும்."

கிளின்ரன் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"மூண்டு தரம் கேக்கச் சொன்னவ" என்றான். "கேட்டிட்டன்."

"ஆர் சொன்னது?"

கிளின்ரன் பெட்டியின் மூடியை அழுத்திச் சரிசெய்தான்.

"கிளின்ரன். ஆர் சொன்னது? எப்ப?"

கிளின்ரன் அவனைப் பார்த்தான். நோயாளியின் காதுக்கு ஒலியை அனுப்பிவிட்டு, கேட்டதா இல்லையா என்று முகத்தில் தேடுவானே, அந்தப் பார்வை. அவனுடைய உதடுகள் அசைந்தன. நீளமாக எதையோ சொன்னான். ஒரு சொல்கூட வந்து சேரவில்லை. சொல்லி முடித்து, திரும்பி, தூண்களுக்கிடையே நடந்து போனான். இரும்புக் கதவு திறந்ததும் சாத்தியதும் கண்ணுக்குத் தெரிந்தது. காதுக்கு ஒன்றுமில்லை.

துக்கத்தில் இருப்பவன் ஆயிரம் சொல்வான். கீர்த்திகன் உட்கார்ந்தான். மூன்றே முக்கால். வெளியே இருட்டிவிட்டது. எதிர்த்தெருவின் விளக்குகளில் பனி கீழே விழாமல் மிதப்பதுபோல இருந்தது. இனியும் தள்ளிப்போட முடியாது. கைத்தொலைபேசியை எடுத்தான், இரகசிய இலக்கத்தை அடித்தான், கையெழுத்து போயிற்று. பச்சைச் சரி அடையாளம். நன்றி என்று எழுதியிருந்தது.

பத்துச் செக்கன் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு கணினியின் விசிறிச் சத்தம் நின்றது. திரை எரிந்துகொண்டுதானிருந்தது. விசிறியும் சுழன்றுகொண்டுதானிருந்தது. தொட்டுப் பார்த்தான், காற்று வந்தது. சத்தம் மட்டும் இல்லை.

கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரக் கடலைச் செய்துவிட்டு அது தானாக நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கடல் தட்டை. ஆனால் ஓரத்தில், மொத்தச் சக்தி என்ற இலக்கம் ஏறிக்கொண்டிருந்தது. மெல்ல. பிறகு மெல்ல அல்ல. அவனுக்குத் தெரிந்த நோய்தான் அது. எல்லோரும் பயப்படும் நோய். சில உறிஞ்சும் எல்லைகள் நன்றாகத்தான் விழுங்கும், எல்லோரும் மறந்துபோகும் அளவுக்கு அமைதியாக இருக்கும். மிக நீண்ட நேரம் ஓடவிட்டால் உள்ளே ஏதோ புளித்து, விழுங்கியதைவிடப் பல மடங்கைத் திருப்பித் தரத் தொடங்கும்.

ஆனால் இந்தக் கணக்கில் பஞ்சே இல்லையே.

அவன் படத்தைப் பெரிதாக்கினான். கரையோரம் மாறியிருந்தது. வளைவு இல்லை, ஃபியோர்ட் இல்லை. ஒரு நீள்சதுரம். உள்ளே இரண்டு வரிசையில் எட்டுப் புள்ளிகள். தெற்கு விளிம்பருகே தனியாக இன்னொரு சின்னப் புள்ளி. கிழக்கு, மேற்கு, தெற்கு மூன்று விளிம்பிலும் பஞ்சின் சாம்பல் நிறம் அகலமாகப் பூசியிருந்தது. வடக்கு விளிம்பில் கோடே இல்லை.

அவன் தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் தூண்களை எண்ணினான். நாலு. மறுபக்கம் நாலு.

கதிரையை எட்டித் தள்ளிவிட்டு எழுந்தான். திரையில் சின்னப் புள்ளி அசைந்தது.

ஓடினான். மாடிப்படிக் கதவு கிழக்குப் பக்கம். முதல் நாலு எட்டு ஓட்டம். அடுத்த மூன்று நடை. பிறகு கால்களில் யாரோ மணல் நிரப்பியதுபோல. கதவுக்கும் அவனுக்கும் மூன்று எட்டுத்தான் தூரம். கையை நீட்டினான், தோளில் புறப்பட்ட வீச்சு முழங்கையில் பாதியாகி, விரலுக்குப் போய்ச் சேருமுன் ஒன்றுமில்லாமல் போயிற்று. மூச்சு வெளியே போகவில்லை. நெஞ்சு அடிப்பது குறைந்தது. அடித்தது. காத்திருந்தது. அடித்தது. கண் இருட்ட, பின்னால் சாய்ந்து விழுந்தான். விழுந்த இடத்தில் மூச்சு வந்தது.

தவழ்ந்து கூடத்தின் நடுவுக்கு வந்தான்.

தொலைபேசி. அபிராம். மூன்றாவது மணியில் எடுத்தான். பின்னால் பாட்டும் கரண்டிச் சத்தமும்.

"சொல்லுங்க கீர்த்தி! வர்றீங்களா? பன்னி விலா தீந்துட்டிருக்கு!"

"அபிராம், இஞ்சை வா! கதவைத் திற! கெதியா வா!"

"ஹலோ?"

"நான் கத்திறன், கேக்கேல்லையோ! கதவு..."

"ஹலோ, கீர்த்தி? பேசுங்க. ஒண்ணுமே கேக்கல." சிரித்தான். "எங்க இருக்கீங்க, பீச்சா? வெறும் தண்ணிச் சத்தம்தான் வருது."

கீர்த்திகன் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தான். கூடம் முழுக்க அசையாமல் கிடந்தது.

"ஏங்க, யாரோ கூட இருக்காங்களா? ஒரு பொண்ணு எண்ணுற மாதிரி..."

இணைப்பு அறுந்தது. மறுபடி அடித்தான். தொலைபேசி விளக்கு எரிந்தது, அழைப்பு போகவில்லை.

திரும்பக் கணினி. விசாரணைக் குழுவுக்கு எழுதினான். நான்தான் வைத்தேன். லீசா எச்சரித்தாள். நான்தான் பெயரை மாற்றினேன். இதுவரை எழுதிய எதையும் இவ்வளவு வேகமாக எழுதியதில்லை. எழுத்துகள் இடப்பக்கமிருந்து ஒவ்வொன்றாக வெளிறின. முதல் வரி போயிற்று. அவன் எழுத எழுதப் பின்னால் அழிந்துகொண்டே வந்தது. அனுப்பும் பொத்தானை அழுத்தினான். வெறுமை போயிற்று. அதுவும் போய்ச் சேர்ந்திருக்காது.

தெற்குச் சன்னல். மூன்று எட்டுக்கு முன்னால் கால் தானாக நின்றது. அங்கிருந்து எதிர்ப்பக்க ட்ராம் தரிப்பிடம் தெரிந்தது. பனியில் கிளின்ரன் நின்றான். கையில் பெட்டி. தலையை உயர்த்தி இந்த மாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிளின்ரன்!"

மேசையிலிருந்த கோப்பிக் கிண்ணத்தை எடுத்துச் சன்னலுக்கு வீசினான். அது கையை விட்டுப் பாய்ந்தது. நடுவழியில் தயங்கியது. இலைபோல இறங்கித் தரைவிரிப்பில் உட்கார்ந்தது. உடையவில்லை.

"நான்தான்! நான்தான் வைச்சனான்! அவள் சொன்னவள், நான் கேக்கேல்லை! அவளில்லை, கிளின்ரன், அவளில்லை! நான்!"

தொண்டை கிழிந்தது. வாயில் இரத்தச் சுவை. சொற்கள் உதட்டுக்கு முன்னால் விழுந்து செத்தன. எட்டு மாதமாக எந்தச் சொல்லை விழுங்கிவைத்திருந்தானோ, அந்தச் சொல்லைத் தருகிறான். வாங்க ஒருவரும் இல்லை.

ட்ராம் வந்து மறைத்தது. போனது. தரிப்பிடத்தில் பனி மட்டும்.

அப்போது கிண்ணம் அசைந்தது.

தரைவிரிப்பில் மெல்ல உருண்டது. அவனுடைய காலைத் தாண்டி. வடக்கே.

கதிரைகள் திரும்பின. ஒன்று. பிறகு எல்லாம். சக்கரங்கள் சுழல, சத்தமில்லாமல், பூசைக்குப் போகிற சனம்போல வரிசையாக வடக்கே போயின. மேசைகளிலிருந்து தாள்கள் வழுக்கின. பேனைகள். அபிராமின் கம்பளித் தொப்பி. யாரோ விட்டுப்போன தண்ணீர்ப் போத்தலில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. காற்றும் போனது, அவனுடைய சட்டை முன்னால் இழுபட்டது, காதுக்குள் வலித்தது. காற்று போன இடத்தில் அந்த வாசம் ஏறியது. கயிறு அல்ல. வெயில் படாத கடலடி. பாசி, சேறு, திறந்து கிடக்கும் சிப்பி.

பின்வாங்குகிறது.

பிறகு நின்றது.

எல்லாம் நின்றன. கதிரைகள், தாள்கள், காற்று. இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

அவன் திரும்பவில்லை. சன்னலைப் பார்த்தபடியே நின்றான். வெளியே இருட்டு, உள்ளே வெளிச்சம். கண்ணாடியில் கூடம் முழுவதும் தெரிந்தது. கண்ணை மூடினான்.

ஈரக் காலடி. தொலைவில் ஒன்று. அருகில் ஒன்று. இத்தனை நேரத்தில் அவன் கேட்ட முதல் சத்தம். அவசரமில்லாத நடை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு எண். மெதுவாக, நோர்வேஜிய மொழியில், நிமிடங்களை எண்ணும் பெண் குரல்.

எட்டு. ஒன்பது.

பின்கழுத்தில் குளிர்.

பத்து.

"லீசா" என்றான். "தங்கச்சி. நான் சொல்லிறன். எல்லாருக்கும் சொல்லிறன். விடு."

இரண்டு கைகள் அவனுடைய கன்னங்களைப் பிடித்தன. நீரில் நாட்கணக்கில் ஊறிய விரல்கள். தோல் தளர்ந்து எலும்பின்மேல் வழுக்கியது. கோபமில்லாத கைகள். முரண்டு பிடிக்கிற பிள்ளையின் முகத்தைப் புத்தகத்துக்குத் திருப்புவதுபோல அவனுடைய தலையைத் திருப்பின. கழுத்து நரம்பு முறுகியது. உடம்பும் திரும்பியது.

வடக்கே.

பெருவிரல்கள் மேலேறி அவனுடைய இமைகளைத் திறந்தன.

கூடத்தின் வடக்குப் பாதி எழுந்து நின்றது. தரையிலிருந்து கூரைவரை, கூரையையும் தாண்டி, கறுத்த பச்சை. கூரை விளக்குகள் அதற்குள்ளே மூழ்கி எரிந்தன. கதிரைகள் அதற்குள் தலைகீழாக நின்றன. வெண்ணுரை அதன் உச்சியில் வளைந்து, அவனுடைய நெற்றிக்கு நேர்மேலே, ஒரு துளியும் சிந்தாமல் காத்திருந்தது.

"பதினொண்டு" என்றது காதோரம். "இனிப் பயமில்லை, அண்ணா. இறங்கிப் போங்கோ."

கைகள் அவனை முன்னால் தள்ளின.

அவன் ஓர் அடி வைத்தான். அலை விழவில்லை. இன்னோர் அடி. விழவில்லை. அவனால் நிற்க முடியவில்லை, இமைகளை மூட முடியவில்லை. அந்தப் பச்சைச் சுவர் அவன் கிட்டப் போகப் போக உயர்ந்துகொண்டே போயிற்று.